குழாய் போடும் வியாழக்கிழமைகள்

ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்றாவது வருஷம் எனக்குத் தலை பிடிக்கும் வேலை கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். "நர்சுக்குப் படிச்சது தலை பிடிக்கதுக்கா?" என்று கேட்டாள். வேலை என்னவென்று விளக்கிச் சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை. மறுநாள் நான் கிளம்பும்போது கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் நனைத்துக் கொடுத்தாள். அதை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

மொழிவாரியாக மாநிலங்கள் பிரியாத காலம், நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு நெஞ்சு டாக்டர் வந்திருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே நீலத் துணியில் பொதிந்து நீளநீளமாகச் சில எஃகுக் குழாய்கள். விரல் தடிமன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். நுனியில் நெல்மணி அளவில் ஒரு பல்பு. கம்பியை ஒரு பாட்டரிப் பெட்டியில் இணைத்தால் பல்பு எரியும். நோயாளியின் வாய்வழியாக, குரல்வளையைத் தாண்டி, மூச்சுக்குழலுக்குள் அதை இறக்கி, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார். பிராங்கோஸ்கோப்பி என்று அவர் சொல்லித்தந்தார். வார்டில் எல்லோருக்கும் அது குழாய் போடுதல்தான். வியாழக்கிழமை காலையில் மட்டும் நடக்கும்.

நோயாளிக்கு முழு மயக்கம் கிடையாது. தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்போம். எச்சில் வற்ற ஒரு ஊசி. பிறகு மல்லாந்து படுக்க வேண்டும், தோள் மேசை விளிம்பில், தலை மேசைக்கு வெளியே அந்தரத்தில். அந்தத் தலையைத்தான் நான் பிடிக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்து, வலது கையை நெற்றியில் வைத்து, டாக்டர் சொல்வதற்கேற்ப உயர்த்தவும் தாழ்த்தவும் திருப்பவும் வேண்டும். வலது பக்க நெஞ்சைப் பார்க்க வேண்டுமென்றால் தலை இடது பக்கம் சாய வேண்டும். இடது என்றால் வலது. கை நடுங்கினால் குழாய் பல்லில் இடிக்கும், அல்லது உள்ளே எங்காவது கிழிக்கும். மனிதத் தலை இவ்வளவு கனமானது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

இருமலில் ரத்தம் கண்டவர்கள்தான் அதிகம் வருவார்கள். எங்கள் பக்கத்தில் ரத்தம் துப்பிவிட்டால் என்ன நோய், என்ன தீனம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சயம், காசநோய்தான் என்று ஊரே முடிவுகட்டிவிடும். முக்கால்வாசிப் பேருக்கு ஊர் சொல்வது சரியாகவும் இருக்கும். டாக்டர் மட்டும் அப்படி உடனே ஒத்துக்கொள்ளமாட்டார். முதலில், ரத்தம் இருமலோடு வந்ததா வாந்தியோடு வந்ததா என்று கேட்பார். நுரைத்து வந்ததா, கறுத்துக் கட்டியாக வந்ததா, மூக்கும் ஈறும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். சளியைச் சோதிக்கச் சொல்வார். எக்ஸ்ரே எடுப்பார். இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் குழாயைத் தொடவேமாட்டார். ஒத்துப்போகாதவர்கள்தான் வியாழக்கிழமைக்கு வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் அருமனைக்கு மேலே மலைத்தோட்டத்தில் ரப்பர் வெட்டும் ஒருவர் இருந்தார். ஓடையில் குனிந்து வெள்ளம் குடிக்கும் பழக்கம் அவருக்கு. குழாயை இறக்கியதும் டாக்டர் "அய்யோ, இது ஜீவனுள்ள சாதனமாணு" என்றார், உயிருள்ள பொருள் என்று மலையாளத்தில். குரல்வளைக்குக் கீழே ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்த மறுநாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் வந்த ஒரு பீடிக்கடைக்காரருக்கு டாக்டர் வெகுநேரம் பார்த்தார். குழாயை எடுத்தார். கையை இரண்டு தடவை கழுவினார். புற்று என்று பிறகு தெரிந்தது. இப்படி இரண்டு விதமாகவும் நடக்கும்.

டீச்சர் வந்தது அதற்குப் பிறகு.

அவளை நான் முதலில் பார்த்தது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், முந்திரி காய்க்கும் கொல்லாமரங்களுக்கு அந்தப் பக்கம், சயக்காரர்களுக்கென்று தனியாக ஒரு நீளக் கொட்டகை இருந்தது. அங்கே எனக்கு ஒரு மாதம் டியூட்டி போட்டார்கள். நான் விருப்பத்தோடு போகவில்லை. ஊசி போட்டுவிட்டு வாசலுக்கு வந்து மூச்சு விடுவேன். கட்டிலில் உட்காரமாட்டேன்.

டீச்சருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். குழித்துறைக்கு மேற்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு நடத்தியவள். மெலிந்து, நல்ல உயரம். பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும், சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல. ஒன்றரை வருஷமாக விட்டுவிட்டு ரத்தம் துப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கணவன் வீட்டில் முதலில் தட்டைத் தனியாக வைத்தார்கள். பிறகு பாயை, கடைசியில் அவளையே. அவளுடைய பிறந்தவீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் ஒரு புரை, சின்னக் குடிசை, இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்வரை எட்டு மாதம் அதில்தான் இருந்தாள். மூன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை உண்டு. அது கணவன் வீட்டில்.

பக்கத்துக் கட்டிலில் முட்டத்துக்காரி ஒருத்தி. கடற்கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்றவள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவளுக்குச் சந்தேகமே இல்லாத சயம். எக்ஸ்ரேயில் இடது நெஞ்சின் மேல்பகுதியில் ஒரு ஓட்டை தெரியும். கொட்டகையில் அவளுடைய குரல்தான் எப்போதும் கேட்கும். மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது. கடற்காற்றில் கூவிக் கூவி அப்படி ஆகிவிட்டது என்பாள்.

"ஏட்டி மக்கா, இஞ்ச வா, தலைய காட்டு" என்று அவள் கூப்பிடுவாள். டீச்சர் போய்க் கட்டிலோரத்தில் உட்காருவாள். முட்டத்துக்காரி அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். டீச்சர் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். சிலேட்டு கிடையாது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கரிக்கட்டையால் எழுதுவார்கள். ஒருநாள் ஊசி போடப் போனபோது இருவரும் ஒரே மண் மடக்கிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டேன்.

"ரண்டுபேருக்கும் ஒரே தீனம்தானே சிஸ்டர்" என்றாள் டீச்சர். "எனக்க கூட இருந்து தின்ன ஒருத்தி கிடைச்சது எட்டு மாசத்துக்குப் பெறகு."

நான் அவள் கையிலிருந்து மடக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அது சரியான விதிதான், ஆனாலும் நான் அதைச் செய்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

டீச்சருடைய சீட்டை நெஞ்சு டாக்டர் வாசித்தது தற்செயல். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வயதான டாக்டர் லீவில் போயிருந்தார். இவர் வந்து ஒவ்வொரு கட்டிலாக நின்று சீட்டுகளைப் புரட்டினார். டீச்சர் கட்டிலில் நின்றவர் நகரவில்லை.

"சளி எத்தனை தடவை பார்த்தது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒம்பது தடவை டாக்டர்."

"ஒருக்கலெங்கிலும், ஒரு தடவையாவது, கிருமி உண்டோ?"

"இல்ல டாக்டர்."

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வலது பக்கத்தில், கீழே, ஒரு மங்கல். "சயம் மேலேதான் அதிகம் இருக்கும். இது கீழே. ஊசி அறுபதுக்கு மேல் போட்டாச்சு. ரத்தம் நின்றதா?" என்று அவளிடமே கேட்டார்.

"இல்ல டாக்டர். போன ஞாயிறாழ்ச்சகூட வந்தது."

"அப்போ நமக்கு எங்கிருந்து ரத்தம் வருதுன்னு தெரியாது. தெரியாமலே மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவை உள்ளே பார்க்கலாம்."

முட்டத்துக்காரி பக்கத்துக் கட்டிலிலிருந்து, "நெஞ்சுக்குள்ளயா டாக்டரே? அங்ஙன ஏறிப் பாக்க முடியுமா?" என்று கேட்டாள். அவர் சிரித்து, முடியும் என்றார். "அப்பம் எனக்குள்ளயும் ஒண்ணு பாருங்க" என்றாள். உங்களுக்குப் பார்க்க வேண்டாம், தெரியும் என்று அவர் சொன்னதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை காலை டீச்சர் வெறும் வயிற்றோடு வந்தாள். தலைமுடியை முட்டத்துக்காரி இரண்டாகப் பிரித்து இறுக்கமாகப் பின்னி அனுப்பியிருந்தாள், எனக்குப் பிடிக்க வசதியாக இருக்குமாம். நான் அவளிடம் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். மூச்சு முட்டுவதுபோல இருக்கும், ஆனால் மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கும். பேச முடியாது. தாங்க முடியாவிட்டால் வலது கையைத் தூக்க வேண்டும்.

"பேடியா இருக்கு சிஸ்டர்" என்று தன் பயத்தைச் சொன்னாள்.

"பேடி வேண்டாம். நான் உங்க தலைய விடமாட்டேன்."

கண்ணைத் துணியால் மூடினோம். டாக்டர் குழாயை இறக்கினார். அவளுடைய கழுத்து நரம்புகள் என் இடது கைக்குள் துடித்தன. குரல்வளை தாண்டியபோது உடம்பு முழுக்க ஒரு உதறல் வந்தது, பிறகு அடங்கியது. "இடத்தோட்டு" என்றார் டாக்டர். நான் தலையை இடது பக்கம் சாய்த்தேன். அவர் மெதுவாக இறக்கிக்கொண்டே போனார். நின்றார்.

"வலது கீழ்க்குழலில் சிவப்பாக ஒரு சதை. வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் கசியும்." தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார். அவர் சந்தேகப்பட்டது கட்டியை. நீளக் கிடுக்கியை வாங்கிக் குழாய்க்குள் விட்டார். பரிசோதனைக்கு ஒரு துணுக்கு எடுத்தார்.

அடுத்த கணம் குழாயின் வாயிலிருந்து ரத்தம் பீச்சி வந்தது. டாக்டரின் கண்ணாடி சிவந்தது. என் கன்னத்திலும் கழுத்திலும் சூடாக விழுந்தது. அம்மா தந்த கைக்குட்டை அன்று என்னிடம் இல்லை, இருந்திருந்தாலும் கட்டக் கை ஒழிவில்லை. டீச்சரின் வலது கை தூக்கியபடி நின்றது. நான் தலையை விடவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. விட்டால் குழாய் அவளைக் குத்திவிடும் என்ற ஒரு நினைப்புத்தான் இருந்தது. டாக்டர் உறிஞ்சு குழலைப் போட்டார், மருந்தில் நனைத்த துணியை உள்ளே வைத்து அழுத்தினார். "வலது பக்கம் கீழே வரட்டும்" என்றார். நல்ல நெஞ்சுக்குள் ரத்தம் இறங்காமலிருக்க அவளை வலது பக்கமாகச் சரித்துப் பிடித்தோம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வேறொரு நர்ஸ் பத்து நிமிஷம் என்றாள். எனக்கு ஒரு பகல்போல இருந்தது. பிறகு நின்றது.

அன்று அவளைக் கொட்டகைக்கு அனுப்பவில்லை. தியேட்டருக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தோம். கண் விழித்ததும் கரகரத்த குரலில் அவள் கேட்டது: "உங்களுக்க மொகத்துல வந்து விழுந்துதோ?"

கழுவியாச்சு என்றேன்.

"நல்லா சோப்பு போட்டுக் கழுவினியளா? உங்களுக்கு ஒட்டிச்சுண்ணா?"

தன் உயிர் போய்த் திரும்பிய நாளில் அவள் இதைத்தான் கேட்டாள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு நோயாளியின் கட்டிலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்.

துணுக்கை ஒரு சிறிய குப்பியில் போட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சயம் இல்லை, புற்றும் இல்லை. புண்பட்டு வளர்ந்த சதை. அதற்கு நடுவே ஏதோ தாவரத்தின் நார் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

"மனுஷ நெஞ்சில் செடி முளைக்காது" என்றார் டாக்டர். "வெளியிலிருந்து போயிருக்கணும். வா, கேட்போம்."

சளியில் கிருமி இல்லாததால் டாக்டர் டீச்சரை அதற்குள் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார். டாக்டர் அவள் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், நல்லா ஆலோசித்துச் சொல்லணும். எப்போதாவது தின்னும்போது புரை ஏறிச் சிரமப்பட்டதுண்டா? இருமல் தொடங்கும் முன்பு?"

அவள் முதலில் இல்லை என்றாள். புரை ஏறாதவர் யார் என்றாள். பிறகு விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். வார்டுக்கு வெளியே துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்க நாத்தனாருக்க கல்யாணம்" என்றாள். "ரண்டு வருசம் ஆயிருக்கும். எனக்க பந்தி முடிஞ்சு வெத்தில போட்டுக்கிட்டு இருந்தேன். அவிய, பிள்ளைக்க அப்பா, வந்து காதுல என்னமோ சொன்னாவ. சிரிப்பு வந்துட்டு. பாக்கு உள்ள போயிட்டு. கொறே நேரம் இருமினேன், கண்ணெல்லாம் வெளிய வந்துட்டு. முதுகுல தட்டினாவ. பெறகு சரியாச்சு." தானே திருத்தி, "சரியாச்சுண்ணு நெனச்சேன்" என்றாள்.

"பாக்கைத் துப்பினீர்களா?"

"பாக்கல டாக்டர். யாரு பாத்தா."

பாக்கு எக்ஸ்ரேயில் தெரியாது என்று டாக்டர் எனக்குப் பிறகு விளக்கினார். காசோ ஊசியோ என்றால் பளிச்சென்று தெரிந்திருக்கும். மரம், விதை, பாக்கு, இவையெல்லாம் நெஞ்சோடு நெஞ்சாக மறைந்துவிடும்.

இரண்டாம் தடவை குழாய் போட்டது அடுத்த வியாழக்கிழமை. இந்தத் தடவை எங்கள் எல்லோருக்கும் பயம், அவளுக்கு இல்லை. மருந்தில் நனைத்த துணியால் சதையை முதலில் ஒற்றி ஒற்றிச் சுருங்க வைத்தார் டாக்டர். பிறகு கிடுக்கியை அதற்குப் பின்னால் கொண்டுபோனார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர் அதை விட்டார். குழாயோடு சேர்த்தே கிடுக்கியை வெளியே இழுத்தார். நுனியில் கறுப்பாக ஒரு துண்டு. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மறுபடி போனார், இன்னொரு துண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. கொஞ்சம் ரத்தம் வந்தது, தானாகவே நின்றது.

மரத்த தொண்டை தெளிந்ததும் டீச்சரிடம் அதைக் காட்டினேன். வெள்ளைக் கிண்ணத்தில் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இதுக்கா?" என்றாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செய்தி வார்டு முழுவதும் பரவியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். தெய்வம் காத்தது, அந்தத் தீனம் இல்லையே. டீச்சர் தலையை ஆட்டுவாள். அவர்கள் போனதும் கொல்லாமரங்கள் பக்கம் பார்ப்பாள். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள், கொட்டகைக்கு ஒரு தடவை போய்வரலாமா என்று. அங்கே இவ்வளவு நாள் இருந்தும் ஒட்டாமல் தப்பியது அதிர்ஷ்டம், இனிமேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வழி செய்தோம். முட்டத்துக்காரி வாசல்படியில் வந்து உட்காருவாள். டீச்சர் மரத்தடியில் காற்று வரும் பக்கமாக நிற்பாள். இருபதடி தூரம்.

முட்டத்துக்காரிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. "ஏட்டி, பாக்கா?" என்று அவள் கேட்டது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "ஒரு பாக்குக்கா இவ்வளவும்?"

"ஆமா அக்கா."

"பின்னெ என்னத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குத? வீட்டுக்குப் போ. பிள்ளய தூக்கு."

"நீங்க இஞ்ச இருக்கிய."

"நான் இருப்பேன். எனக்கு உள்ளது எனக்கு. நீ எனக்க தீனத்துக்குப் பங்குக்கு வராண்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. டீச்சர் அந்த இருமல் நிற்கும்வரை மரத்தடியிலேயே நின்றாள்.

கணவனுக்கு ஆள் அனுப்பியிருந்தோம். குழித்துறையில் ஒரு கொப்பரைக் கடையில் எடை போடுகிற வேலை அவனுக்கு. வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. டீச்சர் சொல்லக் கேட்டு நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு, வந்தவன் வேறு. வார்டுக்குள் நுழையாமல் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன்.

"இனி பக்கத்துல போகலாம். ஒட்டாது."

அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "சிஸ்டர், எனக்க அண்ணன் இதுலதான் போனாரு. கடைசி ஆறு மாசம் நான்தான் கூடக் கெடந்தேன். ஒரு நாளு எனக்க மடியில ரெத்தம் கக்கினாரு. அந்த மணம் எனக்கு இப்பவும் போவல்ல. இவ மொதல்ல ரெத்தம் துப்பினப்பம் அதே மணம். பிள்ளயத் தூக்கிக்கிட்டு அந்த அறைய விட்டு ஓடிட்டேன்." பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "ஓடினது ஓடினதுதான்."

அவனை உள்ளே கூட்டிப் போனேன்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. "நோயில்லண்ணு தெரிஞ்சப்பம் வந்திய" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. "நோயாட்டு இருந்திருந்தா?"

"வந்திருக்கமாட்டேன்" என்றான் அவன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஏதாவது சமாதானம் சொல்வான், இவளும் திருப்பிச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள் போல. நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லாத விரிப்பு.

பிறகு அவள் கேட்டாள்: "அண்ணைக்குக் கல்யாண வீட்டுல காதுல என்ன சொன்னிய?"

அவனுக்குப் புரியவில்லை. எந்தப் பாக்கு, எப்படி உள்ளே போனது என்ற விவரம் அவனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். அவன் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்பிள வீட்டுப் பெரியவரு பந்தியில ஒறங்கினாருல்லா" என்றான் தரையிலிருந்தபடியே. "அவரு எலையில பாயசம் விட விட, அவருக்க தாடி முங்கிக்கிட்டே போவுதுண்ணு சொன்னேன்."

டீச்சரின் உதடு கோணியது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். அவனும் அழுதான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் அவனோடு அன்று போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. அந்த வீட்டில் தன் பாயைத் தோட்டத்தில் போட்டு எரித்ததைத் தான் பார்த்ததாகவும், அங்கே இனிப் படுக்க முடியாது என்றும் சொன்னாள். பிள்ளையை மட்டும் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தான். பிள்ளை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு இவளை ஒரு அன்னியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. டீச்சர் கிட்டே இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பூனை வரைந்தாள். வாலை வரையாமல் விட்டாள். "வாலு எங்க?" என்றது பிள்ளை, தூரத்திலிருந்தே. எனக்குத் தெரியாதே, நீ வரஞ்சு தா என்றாள் இவள். அன்று அவ்வளவுதான். மூன்றாம் தடவை வந்தபோது பிள்ளை மடியில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்க அவர்களுக்குத் தயக்கம். டாக்டர் ஒரு சர்ட்டிபிகேட் எழுதினார். அதை அவரே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய் மேனேஜரிடம் கொடுத்தார். காகிதத்தை நம்பாவிட்டாலும் தன் கண்ணால் நெஞ்சுக்குள் பார்த்த ஆளை நம்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் பிள்ளையோடு குடியேறினாள். முதல் நாள் வகுப்பில் சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. இரண்டாவது மாதம் எல்லோரும் வந்தார்கள். கணவன் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போனான். பிறகு ஒரு மழைக்காலத்தில், ஆற்றில் வெள்ளம் கூடிப் போக முடியவில்லை என்று தங்கினான். வெள்ளம் வடிந்த பிறகும் போகவில்லை. அவனுடைய அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். டீச்சர் அதற்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிவரை அவன்தான் அவள் வீட்டுக்கு வந்தவனாக இருந்தான்.

முட்டத்துக்காரிக்குப் புதிதாக வந்த மாத்திரைகள் கேட்டன. ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம் கிடந்தாள். எங்கள் கணக்குப்படி பிழைத்திருக்கக் கூடாதவள், சளி சுத்தமாகி வீட்டுக்குப் போனாள். சுமை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தோம். கடற்கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்து கருவாடு விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். டீச்சர் அவளுக்கு மாதம் ஒரு கார்டு போடுவாள். பெரிய பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் இல்லாமல். முட்டத்துக்காரி அதைத் தானே வாசிப்பாள். வாசித்து முடிக்க அவளுக்கு ஒரு சாயங்காலம் ஆகுமாம்.

டாக்டர் அதற்குப் பிறகு ஒரு புதிய வழக்கம் ஏற்படுத்தினார். ரத்தம் துப்பி வருகிற ஒவ்வொருவரிடமும், எவ்வளவு தெளிவான சயமாகத் தெரிந்தாலும், புரை ஏறியதுண்டா என்று நாங்கள் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான் வரும். சிலர் கோபப்படுவார்கள், நாங்கள் சாகக் கிடக்கிறோம், நீ தின்ற கதை கேட்கிறாயே என்று. ஆனாலும் கேட்டேன். கேட்கும்போது பெரும்பாலும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்பேன். நின்றுகொண்டு கேட்டால் யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்தால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.